அன்னாரின் திதி

வெறுங்கடையை யாரும் திறப்பதில்லை. புடவைக்கடை என்றால் நாலு சேலையாவது மடித்து அடுக்கியிருக்க வேண்டும். இணையத்தளமும் அப்படித்தான் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. “கொன்ரென்ற் இல்லாமல் லோஞ்ச் பண்ணேலாது அங்கிள்” என்று நீ சொன்னபோது எனக்குப் பாதி விளங்கவில்லை. வெறுங்கடை என்று எடுத்துக்கொண்டேன். நீ இப்போது கேட்கிற கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது, லக்சிகா.

அப்பாவின் மரண அறிவித்தலில் திகதியை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறாய். ஓம், நான்தான் மாற்றினேன். அம்மா ஆண்டுத் திவசத்துக்கு ஐயரிடம் கொடுக்க அந்தப் பக்கத்தை அச்சடித்து வரச் சொல்லியிருக்கிறா, நீ திறந்து பார்த்திருக்கிறாய். மாற்றினாலும் பழையதையும் அந்தத் தளம் தனக்குள் வைத்திருக்கும் என்பதும், மாற்றியது என்னுடைய கணினி என்று உனக்குக் காட்டும் என்பதும் எனக்குத் தெரியாது. நீ கட்டிய வீடு, உனக்குத்தானே மூலைமுடுக்குத் தெரியும். நுனியில் இருந்து சொன்னால் நீ என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வாய். அடியில் இருந்து சொல்கிறேன். இடையில் எழும்பிப் போகாதே.

நான் என்ன தொழில் செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். எக்ளின்ரன் வீதியில், கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருக்கிற இந்த அறையில் இருந்துதான் ஸ்காபரோவில் பாதிச் சனத்தின் கலியாண அழைப்புக் காட்டும் சாமத்திய வீட்டு அழைப்புக் காட்டும் போயின. சா வீடு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அறிவித்தல், பிறகு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டு, அதில் செத்தவரின் படம், தேவாரம், பிள்ளைகளின் புலம்பல். படத்தில் கோட்டு இல்லாதவருக்குக் கோட்டு மாட்டி விடுவதும் நான்தான். கோட்டே போடாமல் வாழ்ந்து முடித்த எத்தனையோ பேரை நான் கோட்டோடு வழியனுப்பியிருக்கிறேன்.

முதல் நாள் நீ வந்தபோது, வேதக்காரனின் மேசையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் கிடப்பதைப் பார்த்துச் சிரித்தாய். எங்கள் ஆட்களுக்குப் பூசை வைக்கத் திகதி போதும். உங்களுக்குத் திதி வேண்டும். செத்த நாளும் நேரமும் சரியாகத் தெரிந்தால்தான் திதி சரியாக வரும். திதி பிழைத்தால் திவசம் பிழைத்துவிடும், படைத்த சோறு போய்ச் சேராது என்று உங்கள் சனம் நம்புகிறது. அதனால் ஒவ்வொரு அறிவித்தலையும் நான் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். என் கையால் போனது எதிலும் திகதி பிழைத்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்றே வைத்துக்கொள்.

சனம் லண்டன், பாரிஸ், சூரிச் என்று சிதறிப் போனபிறகு பேப்பரில் அறிவித்தல் வந்து சேர முன்னமே சுடலைக் காரியம் முடிந்துவிடுகிறது. அப்படித்தான் எனக்கு இந்தத் தளத்தின் எண்ணம் வந்தது. நீ ஒஷாவாவில் கம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தாய். புவனேந்திரனின் மகள், கையில் தொழில் இருக்கிறது, ஏன் வெளியே போவான் என்று உன்னைக் கேட்டேன். அந்த மாரி முழுக்க நீ அஜக்ஸ் ரெயில் நிலையத்தில் இறங்கி என்னுடைய காரில் கடைக்கு வருவாய். பழைய பாமினி எழுத்துருவில் நான் அடித்து வைத்திருந்ததெல்லாம் உன்னுடைய திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும், நீ பொறுமையாக மாற்றுவாய். சைவக்காரருக்குக் குத்துவிளக்கு, எங்களுக்குச் சிலுவை, இரண்டையும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு நீ எரிச்சல்பட்டதும் நினைவிருக்கிறது. அந்த மாதங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை அப்போது மறந்திருந்தேன்.

உன் அப்பா அந்த நேரம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். சமாதானக் காலத்தின் கடைசியில் வருத்தக்காரத் தமக்கையைப் பார்க்கக் கிளிநொச்சிக்குப் போனவன், பாதை பூட்டித் திரும்ப முடியவில்லை. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்தவன் ஒரு தறப்பாளுக்குக் கீழே பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தான். வந்த புதிதில் நானும் அவனும் ஒரு பேஸ்மென்றில் ஒரு மெத்தையில் படுத்தவர்கள். அவன் எனக்கு யார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு இரண்டாயிரத்தொன்பதின் அந்த மே மாதம் வந்தது. போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியுவில் சனம் தெருவில் கிடந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் அங்கே போய் நின்றா. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஒருநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. தெருவில் கிடந்த சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் குந்தியது.

தளம் தயாராக இருந்தது. அதில் போட ஒரு பெயர் இல்லை.

அது உனக்கு விசித்திரமாகத் தெரியவில்லையா? அவ்வளவு சனம் செத்துப்போய்க் கிடக்கிறது, ஒரு வீட்டில் இருந்தும் அறிவித்தல் வரவில்லை. நான் போய்க் கேட்டேன். காசுக்காகக் கேட்கவில்லை, முதல் அறிவித்தல்களை இலவசமாகப் போடலாம் என்று நீதானே சொன்னாய். எங்கள் கோயிலுக்கு வருகிற யூஜினிக்கு இரண்டு பெடியள் அங்கே, மாத்தளன் பக்கம் என்ற கதையோடு தகவல் நின்றுபோனது. அவ என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, மெல்லச் சொன்னா.

“பேரைப் போட்டா அது உண்மையாப் போயிடும், அகஸ்ரின்.”

போன வீடெல்லாம் அதே கதை. அழவும் முடியாது, சாப்பிடவும் முடியாது, வாசலில் தபால்காரன் வந்தாலும் நெஞ்சு இடிக்கும். எல்லோரும் வேறு யாராவது முதலில் அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் உன்னைவிட நன்றாக அறிவேன். என் அண்ணன் நீக்கிலாஸ் தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் போனவன் வரவில்லை. என் அம்மா சாகும்வரை வாசல் படலையைச் சாத்த விடவில்லை. இரவில் நாய் புகுந்து சட்டிபானையை உருட்டும், சாத்தினால் சண்டை. அவனுக்கென்று ஒரு கோப்பைச் சோறு மூடி வைப்பா, காலையில் அதைத் தான் தின்பா. காத்திருந்து காத்திருந்து மனுசி ஒரு கைப்பிடி ஆகிப்போனா. அவ செத்த அன்று நான் செய்த முதல் வேலை படலையைச் சாத்தியது. அதற்குப் பிறகுதான் என்னால் அழ முடிந்தது.

உன் அம்மாவை அந்த இடத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஒரு பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பருப்பு அவித்துக்கொண்டிருந்தா. வவுனியாவில் இருந்து ஒருத்தர் கடைக்குத் தொலைபேசி எடுத்தவர் என்றேன். முள்ளிவாய்க்காலில் புவனேந்திரனைக் கண்டவராம், மே பதினேழு விடியப்புறம் செல் விழுந்ததாம், தன் கையாலேயே மண் போட்டு மூடினவராம் என்றேன். அம்மா கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டா.

“என்ன சேட்டு போட்டிருந்தவராம்?”

“நீலக் கோடு போட்டது” என்றேன். பியர்சன் விமான நிலையத்தில் அவனை ஏற்றிவிட்டது நான்தானே, அவன் போட்டுக்கொண்டு போன சேட்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு, மடியில் இருந்த தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தா. அந்தத் தொலைபேசி மடியை விட்டு இறங்கியதை நான் கவனித்தேன். சரியான காரியம்தான் செய்திருக்கிறேன் என்று அப்போது பட்டது.

வவுனியாவில் இருந்து ஒருத்தரும் எடுக்கவில்லை, பிள்ளை.

இரு, எழும்பாதே. நீ நினைப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் அதை நான் பொய் என்று நினைக்கவில்லை. வன்னிக்குள் இருந்து வர வேண்டியவர்களின் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனுடைய பெயர் ஒன்றிலும் இல்லை. எப்படியும் ஒருநாள் வரப்போகிற செய்தியை நான் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

நீ ஒஷாவாவில் இருந்து வந்து கதவடியில் நின்றாய், முதுகுப்பையைக் கூடக் கழற்றவில்லை. அடுத்த நாளே கடைக்கு வந்து அறிவித்தலை நீயே ஏற்றினாய். நான் தடுத்தேன், நீ கேட்கவில்லை. ‘லக்சிகாவின் அன்புத் தந்தையும்’ என்று நான் அடித்திருந்ததை, ‘பாசமிகு’ என்று மாற்றினாய். தொடர்புக்கு உங்கள் வீட்டு இலக்கத்தைப் போடாமல் கடை இலக்கத்தைப் போட்டது நான். துக்கம் கேட்கிறவர்கள் அம்மாவை உபத்திரவப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். கீழே வழக்கம்போல ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று போட்டு, தளத்தைத் திறந்தோம்.

நான் நினைத்தது பிழைக்கவில்லை. அடுத்த நாள் யூஜினி எடுத்தா. “யோகமலரே போட்டிட்டா, நான் என்னத்துக்கு இன்னும்” என்று உன் அம்மாவைச் சொல்லிவிட்டு இரண்டு பெடியளின் படத்தையும் கொண்டுவந்து தந்தா. அவவைப் பார்த்து இன்னொரு வீடு, அவர்களைப் பார்த்து விட்பியில் ஒரு வீடு. கிழமை ஒன்றுக்குள் முகப்புப் பக்கம் நிறைந்துவிட்டது. அந்த முகங்களுக்கெல்லாம் நான் இந்த மேசையில் இருந்து கோட்டு மாட்டினேன். அழுது அழுதுதான் மாட்டினேன். ரொறன்ரோவில் அந்தக் கோடையில்தான் சனம் வாய்விட்டு அழுதது. அதைத் தொடக்கி வைத்தது நம்முடைய தளம்.

உங்கள் வீட்டிலும் எல்லாம் முறையாக நடந்தது. உடல் இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையில் உருச் செய்து எரித்தார். பெண்டுகள் சுற்றி நிற்க அம்மா தாலியைக் கழற்றினா, பொட்டை அழித்தா. காணாமல் போனவர் என்று ஒட்டாவாவில் வெளிநாட்டு அமைச்சில் அப்பாவின் பெயரைப் பதிந்து வைத்திருந்தீர்கள் அல்லவா, அவர்களுக்கு நீயே எடுத்து, இனித் தேடத் தேவையில்லை, அப்பா இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். இந்தக் கதிரையில் இருந்துதான் சொன்னாய். வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாய். உன்னைப் பெற்றவன் போல நான் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கடையைத் திறந்து விளக்குப் போட முன்னம் தொலைபேசி அடித்தது. இரைச்சலாக இருந்தது. யாரோ குசுகுசுவென்று கதைத்தார்கள்.

“மச்சான் அகஸ்ரின், செத்த ஆள் கதைக்கிறன் எண்டு பயந்துபோடாதை. நான் புவனேந்திரன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வேறு யாராலும் சிரிக்க முடியாது.

செட்டிகுளம் முகாமில், முட்கம்பிக்குள் இருந்தான். பக்கத்துக் கூடாரத்துப் பெடியனின் சூரிச் மாமன் தளத்தில் படத்தைப் பார்த்திருக்கிறார், இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். கள்ளமாக வைத்திருந்த கைத்தொலைபேசி, அதிகம் கதைக்க முடியாது. கடவுச்சீட்டும் வீட்டு இலக்கம் எழுதின துண்டும் நந்திக்கடலில் போய்விட்டன. பிழை எல்லாருக்கும் வருவதுதானே, இனி ஆயுசு கெட்டி என்று சொன்னான். என்னில் ஒரு கோபமும் இல்லை. படத்தில் தனக்குக் கோட்டு நல்லா இருக்காம், உண்மையோ என்று கேட்டான். கடைசியில் மட்டும் குரல் தழுதழுத்தது.

“இவளிட்டைச் சொல்லு மச்சான். பிள்ளையிட்டையும் சொல்லு. ஒட்டாவாக்கு அவள் ஒருக்கா அடிச்சா என்னை வந்து எடுப்பாங்கள்.”

சொல்லுறன் என்றேன். உங்கள் வீட்டு இலக்கத்தைக் கேட்டபோது, நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், புது இலக்கம் கையில் இல்லை, நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

காரை எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கட்டடத்துக்குக் கீழே நிறுத்தி உள்ளேயே இருந்தேன். அம்மா வேலைக்குப் போக வெளியே வந்தா. வெள்ளை நெற்றி. கனகாலத்துக்குப் பிறகு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தா, சாப்பாட்டுப் பை கையில் இருந்தது. இந்த மனுசியிடம் போய் என்ன சொல்வது? சுற்றி நின்ற பெண்டுகளுக்கு என்ன சொல்வது? யூஜினி என்ன செய்வா என்று யோசித்தேன். முதல் அறிவித்தலே பொய் என்றால், தன் பெடியளும் எங்கேயோ கம்பிக்குள் இருக்கிறார்கள் என்று அவ மறுபடி வாசலில் வந்து குந்துவா. அந்த முகப்புப் பக்கத்தில் இருக்கிற எல்லா வீட்டிலும் படலை திறந்துவிடும். ஒரு ஆளுக்காக அவ்வளவு சனத்துக்கும் நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று நீயே யோசித்துப் பார். அவன் எப்படியும் ஒருநாள் வெளியே விடப்படுவான், வந்து நிற்கும்போது அது அற்புதமாக இருக்கட்டும் என்று எண்ணினேன். காரைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த முறை எடுத்தபோது அவன் சிரிக்கவில்லை. தொடையில் இருந்த செல் துண்டுக் காயம் மணக்கத் தொடங்கிவிட்டது என்றான். வெளிநாட்டுக்காரன் என்று யாராவது கேட்டு வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னாராம். அவள் என்ன சொன்னவள் என்று கேட்டான். சந்தோசத்தில் அழுகிறா, எல்லாம் ஒழுங்கு செய்கிறா என்றேன். பிள்ளை? அவள் ஒட்டாவாவுக்கு எடுத்துவிட்டாள் என்றேன். அது ஒருவகையில் உண்மைதான். “அவள் கெட்டிக்காரி” என்றான். அந்த நீலச் சேட்டையும் கிழித்து யாரோ ஒரு குழந்தையின் காலுக்குக் கட்டிவிட்டானாம், புதுச் சேட்டு ஒன்று கொண்டுவரச் சொன்னான். வைத்துவிட்டு நான் சாப்பிடவில்லை. அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு எழுத்து அடிக்க முடியவில்லை. எனக்கும் நெஞ்சு இருக்கிறது.

பிறகு அந்த முகாமுக்குள் வெள்ளம் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கூடாரங்கள் சேற்றில் நின்றன. அதற்குப் பிறகு அந்தப் பெடியன்தான் எடுத்தான், சூரிச் மாமனின் மருமகன். ஐயா போயிட்டார் என்றான். சேற்றுத் தண்ணீரில் காயம் மோசமாகி, காய்ச்சல் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போயிட்டாராம். யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை. நாள் எது, காலையா, பின்னேரமா என்று கேட்டேன். அந்த அழுகைக்குள் நான் அதைக் கேட்டதும், இதெல்லாம் இப்ப எதுக்கு என்று பெடியன் திருப்பிக் கேட்டான். ஆனால் திதிக்கு நேரம் தேவை, அவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது. பின்னேரம் என்றான். தொலைபேசியை வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆவணி, வளர்பிறைப் பஞ்சமி.

என் சிநேகிதனுக்காக அன்று நான் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை துக்கம் கேட்கவும் எனக்கு யாரும் இல்லை.

இந்த மாதம் தொடங்கியதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. அம்மா திவசத்துக்கு ஆயத்தம் செய்கிறா என்று கேள்விப்பட்டேன். நான் சொன்ன மே பதினேழுக்கு வருகிற திதிக்கு, வைகாசித் தேய்பிறை அட்டமிக்கு. போன வருசம் அந்தத் திதியில் அவன் உயிரோடு, நந்திக்கடலின் முழங்கால் தண்ணீரில், யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அம்மா விரதம் இருந்து, ஏழு மரக்கறி சமைத்து, இலை போட்டுக் கூப்பிடுவா, அவனுக்கு அது போய்ச் சேராது. உயிரோடு இருந்தபோதும் சாப்பாடு கிடைக்காமல் இருந்தவனை, செத்த பிறகும் பட்டினி போட என்னால் முடியவில்லை. ஆகவேதான் திருத்தினேன். அந்த வவுனியாக்காரர் திரும்ப எடுத்தவர், முதலில் பிழையாகச் சொல்லிவிட்டாராம் என்று அம்மாவிடம் சொல்ல இருந்தேன். அதற்குள் நீ பார்த்துவிட்டாய்.

இனி நீ அம்மாவிடம் எதைச் சொல்வாய், பொலிஸிடம் எதைச் சொல்வாய் என்பது உன் விருப்பம். நான் எங்கும் ஓடப் போவதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, ஐயரிடம் சொல்லித் திவச நாளை ஆவணிக்கு மாற்றச் சொல். பெயர் சரி, ஊர் சரி, படம் சரி, ‘பாசமிகு’ என்று நீ போட்டதும் சரி. திகதி ஒன்றுதான் பிழைத்திருந்தது. இப்போது அந்த அறிவித்தலில் ஒரு பிழையும் இல்லை.